மூன்று பேர் சேர்ந்தும் ஒருவரிடம் தோற்றது ஏன்? சைக்கிள் பந்தயத்தின் ‘பிரேக்அவே’ கணக்கு

பெல்ஜியத்தில் சைக்கிள் பந்தயப் பருவம் பிப்ரவரிக் கடைசியில், குளிர் விடுவதற்குள்ளாகவே தொடங்கிவிடும். அங்கே நடக்கும் முதல் பெரிய பந்தயத்தின் பெயர் ஓம்லூப் ஹெட் நியூஸ்ப்ளாட். ஒரே நாளில் சுமார் 200 கிலோமீட்டர். வழியெல்லாம் கருங்கல் பாவிய தெருக்கள், குட்டையான ஆனால் செங்குத்தான ஏற்றங்கள்.

2015-இல் அந்தப் பந்தயத்தின் கடைசிப் பகுதியில் நான்கு பேர் மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் ஒரே அணி: டாம் போனன், நிக்கி டெர்ப்ஸ்ட்ரா, ஸ்டைன் வாண்டன்பெர்க். எடிக்ஸ் குவிக்ஸ்டெப் அணிக்காரர்கள். நான்காவது ஆள் ஸ்கை அணியின் இயன் ஸ்டானர்ட், இங்கிலாந்துக்காரர். முந்தைய வருடம் இதே பந்தயத்தை ஜெயித்தவர் என்றாலும், இன்றைக்குத் தனி ஆள்.

மூன்றுக்கு ஒன்று. அதிலும் போனன் இந்த வகைப் பந்தயங்களின் ராஜா. அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் குவிக்ஸ்டெப்தான் ஜெயிக்கும் என்றிருப்பார்கள். ஜெயித்தது ஸ்டானர்ட்.

அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. “மூன்று பேரும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினார்கள்” என்பது ஒரு கட்சி. “ஸ்டானர்ட் கடைசிவரை ஓசியில் ஒட்டிக்கொண்டு வந்து ஜெயித்தார், இதெல்லாம் ஒரு வெற்றியா?” என்பது இன்னொரு கட்சி. “34 வயதில் போனனுக்கு அவ்வளவுதான் முடியும்” என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று கட்சியும் சைக்கிள் பந்தயத்தை ஓட்டப் பந்தயம் மாதிரி நினைத்துக்கொண்டு பேசுகின்றன. யாருக்குக் கால்பலம் அதிகம், யார் நேர்மையாக உழைத்தார் என்பதோடு நின்றுவிடுகின்றன. இந்த விளையாட்டில் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது என்ன என்று புரிய, முதலில் காற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

எதிர்காற்று என்னும் எதிராளி

ஆடி மாதம் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மிதிக்க மிதிக்க வண்டி நகர மறுக்கும். திரும்பி வரும்போது அதே சாலையில் மிதிக்காமலே போகலாம் போலிருக்கும். காற்றே அடிக்காத நாளிலும் நாம் வேகமாகப் போனால் போதும், அசையாமல் நிற்கும் காற்று நமக்கு எதிர்காற்று ஆகிவிடும். ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் அறைவது அதுதான்.

சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் வீரர், தன் சக்தியில் பெரும்பங்கைக் காற்றைத் தள்ளுவதற்கே செலவிடுகிறார். அதிலும் ஒரு கொடுமை உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்குக் கொடுக்கவேண்டிய சக்தி இரண்டு மடங்காகக் கூடுவதில்லை, எட்டு மடங்காகிறது. வெறும் 10 சதவீதம் வேகத்தைக் கூட்டவே 33 சதவீதம் அதிக சக்தி வேண்டும். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் தனியாகப் போகும்போது ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் ஏறாததன் காரணம் இதுதான்.

இப்போது இன்னொருவருக்குப் பின்னால், அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் ஓட்டுங்கள். முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்து வழி செய்துவிடுகிறார். பின்னால் வருபவர் அந்த மறைவில் வருகிறார். இதற்குப் பெயர் டிராஃப்டிங். நெருக்கத்தையும் காற்றின் திசையையும் பொறுத்துக் கூடும், குறையும் என்றாலும், தோராயமாகத் தள்ளவேண்டிய காற்றில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் வருபவருக்கு மிச்சம். பள்ளிக்கூட நாட்களில் மணல் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனபோது ஏதோ என் காலுக்குப் புதுப்பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள். லாரி பிரேக் போட்டால் கதை முடிந்தது.)

ஆக, இருவர் ஒரே வேகத்தில், ஒரே சாலையில், ஒரு சாண் இடைவெளியில் போகிறார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ஒருவர் பணத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார், மற்றவர் சேமித்துக்கொண்டிருக்கிறார். தொலைக்காட்சியில் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத விஷயம் இது. எல்லாச் சண்டைக்கும் மூலம் இதுவே.

பெரிய கூட்டத்தின் சொகுசு

ஒரு சாலைப் பந்தயத்தில் 170, 180 பேர் வரை கலந்துகொள்வார்கள். அணிக்கு ஏழெட்டுப் பேர். பெரும்பாலான நேரம் எல்லோரும் ஒரே கொத்தாகப் போவார்கள். அந்தக் கொத்துக்கு பெலோட்டான் என்று பெயர். பிரெஞ்சுச் சொல், நாம் ‘பெருங்கூட்டம்’ என்றே வைத்துக்கொள்வோம்.

ஒருவர் பின்னால் போனாலே இவ்வளவு மிச்சம் என்றால், நூறு பேர் நடுவில் போனால்? நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் ப்ளோக்கன் என்ற பேராசிரியரின் குழு 2018-இல் இதைக் கணக்கிட்டது. 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்தார்கள். நல்ல மறைவான இடத்தில் இருப்பவர் மீது மோதும் காற்றின் எதிர்ப்பு, தனியாகப் போகிறவர் சந்திப்பதில் வெறும் 5 முதல் 10 சதவீதம். ஏறக்குறைய உட்கார்ந்த இடத்தில் ஊர்வலம் போவது மாதிரி. சொகுசு என்று சொன்னதால் அங்கே நிம்மதி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தோளோடு தோள் உரசும் நெருக்கம், வளைவுகளில் இடத்துக்கான தள்ளுமுள்ளு, ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் விழும் பயம், எல்லாம் உண்டு. ஆனால் கால் சேமிக்கிறது. அதுதான் முக்கியம்.

ஏற்றத்தில் கதை மாறும். அங்கே வேகம் குறைவு, காற்று பெரிய விஷயமில்லை, தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒட்டிக்கொண்டு வருபவருக்கு மறைவால் பெரிய மிச்சம் கிடைக்காது. பலசாலிகள் பெரும்பாலும் ஏற்றத்திலோ கருங்கல் தெருவிலோ பாய்வது இதனால்தான்.

பிறகு ஏன் பிரிந்து ஓடுகிறார்கள்?

கூட்டத்துக்குள் இவ்வளவு லாபம் இருக்க, அதை விட்டு வெளியே பாய்ந்து போகிற சிறு குழுவுக்குத்தான் பிரேக்அவே என்று பெயர். பிரிந்து போகும் அந்தப் பாய்ச்சலை அட்டாக் என்பார்கள். யாரையும் தாக்குவதில்லை; திடீரென்று வேகமெடுத்து மற்றவர்களைத் தன் காற்று மறைவிலிருந்து கழற்றிவிடுவது.

ஏன் போகிறார்கள்? கூட்டம் மொத்தமாக முடிவுக்கோட்டுக்கு வந்தால், கடைசிச் சில நூறு மீட்டரில் நடக்கும் முழுவேகப் பாய்ச்சலில், அதாவது ஸ்ப்ரிண்டில், நான்கைந்து பேருக்குத்தான் ஜெயிக்க வாய்ப்பு. மீதி நூற்றைம்பது பேரும் வேறு வழி தேட வேண்டும். பந்தயத்தின் முதல் மணி நேரத்திலேயே பிரிந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிறிய அணிக்காரர்கள். மூன்று நான்கு மணி நேரம் சட்டையில் இருக்கும் நிறுவனப் பெயர் தொலைக்காட்சியில் தெரிந்தால், சம்பளம் கொடுப்பவருக்கு அதுவே போதும். பெரிய அணிகளும் சில சமயம் ஒருவரை முன்னால் அனுப்பி வைக்கும். பின்னால் தலைவர் வந்து சேரும்போது உதவிக்கு ஆள் தயாராக இருக்கும், சத்திரத்தில் முன்கூட்டியே இடம் பிடித்து வைப்பது மாதிரி.

கடைசி 40, 50 கிலோமீட்டரில் பிரியும் குழு வேறு ரகம். அதில் இருப்பவர்கள் எல்லோரும் ஜெயிக்கவே போகிறார்கள். 2015-இல் ஸ்டானர்டும் மற்ற மூவரும் போனது அப்படித்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முன்னால் போகிறவர் செலவழிக்கிறார், பின்னால் வருபவர் சேமிக்கிறார். கூட்டம் பெரிதாக இருந்தால் சேமிப்பும் பெரிது. பிரிந்து போகிறவர்கள் அந்தச் சேமிப்பை விட்டுக்கொடுத்து, கூட்டம் நம்மைப் பிடிக்காது என்று பந்தயம் கட்டுகிறார்கள்.

தேர் வடமும் தொட்டுக்கொண்டு வருபவரும்

பிரிந்து வந்த நான்கு பேர் தாக்குப்பிடிக்க ஒரே வழி, காற்றைப் பங்கு போட்டுக்கொள்வது. ஒருவர் முன்னால் சில வினாடிகள் இழுப்பார், ஒதுங்கிக் கடைசிக்குப் போவார், அடுத்தவர் முன்னால் வருவார். வயலுக்கு முறைத்தண்ணீர் விடுவது மாதிரி. இப்படி முன்னால் வந்து காற்றைத் தாங்கும் ஒவ்வொரு தடவையையும் நாம் ‘முறை’ என்று சொல்லிக்கொள்வோம். நான்கு பேரும் ஒழுங்காக முறை எடுத்தால் ஒவ்வொருவரும் கால்வாசி நேரம்தான் காற்றில் இருப்பார்கள்.

எல்லாம் சரி. ஆனால் இந்த நான்கு பேரும் கூட்டாளிகள் மட்டுமா? கோட்டை முதலில் தாண்டப்போவது ஒருவர்தான். இன்னும் அரை மணி நேரத்தில் இதே நால்வரும் எதிரிகள். இப்போது நான் முன்னால் செலவழிக்கும் ஒவ்வொரு துளியும், அப்போது என் பின்னால் வருபவருக்கு ஆயுதம்.

தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். நூறு பேர் வடத்தைப் பிடித்திருப்பார்கள். உண்மையில் இழுப்பவர் முப்பது பேர். மற்றவர்கள் தொட்டுக்கொண்டு வருவார்கள். தேர் நிலைக்கு வந்ததும் புண்ணியம் எல்லோருக்கும் சமம், அதனால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் நிலைக்கு வந்ததும் புண்ணியம் முழுவதும் ஒரே ஒருவருக்கு, அதுவும் யார் உடம்பில் அதிகத் தெம்பு மிச்சமிருக்கிறதோ அவருக்கு என்று விதி இருந்தால்? யாராவது மனசார இழுப்பார்களா? எல்லோரும் தொட்டுக்கொண்டு வந்தால் தேரும் நகராது. பிரேக்அவேக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பதற்றம் இதுதான்.

முறை எடுக்காமல் பின்னாலேயே வருபவரை ஆங்கிலத்தில் சக்கரத்தை உறிஞ்சுபவர் என்று திட்டுவார்கள். நமக்கு அதைவிட நல்ல சொல் இருக்கிறது: ஓசிச்சவாரி. ரசிகர்களுக்கு ஓசிச்சவாரிக்காரரைக் கண்டாலே ஆகாது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் விதிப்புத்தகத்தில் அதற்குத் தடை இல்லை. பந்தயக்காரர்களின் எழுதாத விதியிலும்கூட, நியாயமான காரணம் இருந்தால் முறை எடுக்காமல் இருக்கலாம். எது நியாயமான காரணம் என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது.

பிடிபட்டால் யாருக்கு நட்டம்?

நான் முதலில் சொன்ன கேள்வி இதுதான். ஒரு பிரேக்அவேயைப் பார்க்கும்போது யார் பலசாலி என்று கேட்பதற்கு முன்னால், பின்னால் வரும் கூட்டம் இவர்களைப் பிடித்துவிட்டால் அதிக நட்டம் யாருக்கு என்று கேளுங்கள். முறை எடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்குத்தான். குறைந்த நட்டம் யாருக்கோ, அவர் கையில்தான் பேரம் பேசும் சக்தி.

ஓர் உதாரணம். முன்னால் இரண்டு பேர் போகிறார்கள். ஒருவருடைய அணித்தோழர், பெரிய ஸ்ப்ரிண்ட் வீரர், பின்னால் துரத்தும் குழுவில் இருக்கிறார். இவர் முறை எடுக்கவே மாட்டார். ஏன் எடுக்க வேண்டும்? பிடிபட்டால் தோழர் ஜெயிப்பார், பிடிபடாவிட்டால் சேமித்த தெம்போடு தானே ஜெயிக்கலாம். இரண்டு பக்கமும் லாபம். கூட வரும் அப்பாவிக்கு இரண்டே வழி: ஓசிச்சவாரியைச் சுமந்துகொண்டு இழுப்பது, அல்லது மிதிப்பதை நிறுத்திவிட்டு இருவரும் பிடிபடுவது.

இதை 2015-க்குப் பொருத்திப் பாருங்கள். ஒரே அணியின் மூன்று பேர் முன்னால். அவர்களில் ஒருவர் போனன். குவிக்ஸ்டெப்புக்கு இதைவிட நல்ல நிலைமை கனவில்தான் கிடைக்கும். பின்னால் கிரெக் வான் அவர்மாட், செப் வான்மார்க்கே போன்றவர்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டால் அந்தக் கனவு போச்சு. ஆக, இழுக்க வேண்டிய கட்டாயம் முழுவதும் அந்த மூவருக்கு. ஸ்டானர்டுக்கோ, ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் எப்படியும் தோற்கத்தான் போகிறார் என்று உலகமே சொல்கிறது. அவர் முறை எடுத்து உழைத்தால் அது எதிராளியின் வெற்றிக்குக் கூலியில்லாமல் வேலை செய்வது. அவர் பின்னால் உட்கார்ந்ததை சைக்கிள் உலகத்தில் விவரம் தெரிந்த எவரும் குறை சொல்லமாட்டார்கள்.

அதாவது மூன்று பேர் என்ற பலமே அவர்களுடைய பாரமாகவும் ஆனது. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. பந்தலில் அதிகம் ஓடவேண்டியவர் அவர்தானே, விருந்தாளி உட்கார்ந்திருக்கலாம்.

துரத்துபவர்களுக்கும் அதே தலைவலி

பின்னால் வரும் கூட்டம் நூறு பேர் என்பதால் முன்னால் போகும் நால்வரை எப்போது வேண்டுமானாலும் பிடித்துவிடலாம் என்று தோன்றும். பிரெஞ்சுத் தொலைக்காட்சி வர்ணனையாளர் ரோபேர் ஷபாத், முன்னாள் வீரர், இதற்கு ஒரு கைக்கணக்கு வைத்திருந்தார்: மும்முரமாகத் துரத்தும் கூட்டம், 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிட வித்தியாசத்தைக் குறைத்துவிடும். முன்னால் போகிறவர்கள் 45 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பின்னால் வருபவர்கள் ஏறக்குறைய 48.6 கிலோமீட்டர் வேகத்தில் வரவேண்டும் என்று அர்த்தம். மாறி மாறி முன்னால் வர ஆட்கள் நிறைய இருந்தால் முடியும்.

ஆனால் முன்னால் யார் வருவது? நூறு பேர் கூட்டத்தில் இருபது அணிகள். ஒவ்வொன்றும் அடுத்த அணி இழுக்கட்டும் என்று காத்திருக்கும். தேர்வடக் கதைதான், இன்னும் பெரிய அளவில். அரை நிமிட வித்தியாசம் என்பது 45 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் 375 மீட்டர். முன்னால் போகிறவர்களின் முதுகு கண்ணுக்கே தெரியும். அப்படியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு பிடிக்காமல் விட்ட பந்தயங்கள் ஏராளம்.

இதற்கு உச்சம் டோக்கியோ ஒலிம்பிக். 2021 ஜூலை 25, பெண்கள் சாலைப் பந்தயம், 137 கிலோமீட்டர். கொடி அசைந்ததுமே ஐந்து பேர் பிரிந்து போனார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் ஆன்னா கீசன்ஹோஃபர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தது. கூட்டத்தில் நெதர்லாந்து அணி: அன்னமீக் வான் ஃப்ளூட்டன், ஆன்னா வான் டெர் ப்ரெகன், மரியான் வோஸ், டெமி வொல்லரிங். நான்கு பேரும் தங்கத்துக்கு உரியவர்கள். அதனாலேயே மற்ற நாட்டுக்காரர்கள் “நெதர்லாந்து துரத்தட்டும், அவர்களுக்குத்தானே நட்டம்” என்று இருந்துவிட்டார்கள். நம்முடைய கேள்விதான் அங்கேயும் வேலை செய்தது.

முடிவுக்கு சுமார் 40 கிலோமீட்டர் இருக்கும்போது கீசன்ஹோஃபர் கூட வந்தவர்களையும் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். ஒலிம்பிக்கில் வீரர்கள் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. முன்னால் எத்தனை பேர் என்ற கணக்கு பின்னால் பலருக்குத் தவறிவிட்டது. கடைசியில், அந்த ஐந்து பேரில் கீசன்ஹோஃபர் தவிர இன்னும் முன்னால் மீந்திருந்த இருவரைப் பிடித்ததும் எல்லோரையும் பிடித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். வான் ஃப்ளூட்டன் கையை உயர்த்திக் கொண்டாடியபடி கோட்டைத் தாண்டினார். கீசன்ஹோஃபர் 1 நிமிடம் 15 வினாடிக்கு முன்பே அதைத் தாண்டியிருந்தார்.

இதே தலைவலி முன்னால் போகிறவர்களுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஆம்ஸ்டெல் கோல்ட் பந்தயம். நெதர்லாந்தில் நடப்பது. ஜூலியன் அலாஃபிலிப், யாகோப் ஃபுக்ல்சாங் இருவரும் முன்னால். கையில் போதிய இடைவெளி. இருவரில் ஸ்ப்ரிண்ட் பலம் அலாஃபிலிப்புக்கு. அதனால் ஃபுக்ல்சாங்குக்கு அவரை இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் போக விருப்பமில்லை. அலாஃபிலிப்புக்கும் கடைசியில் தனியாக இழுக்க மனமில்லை. நீ முன்னால் போ, நீ முன்னால் போ என்று வேகம் குறைந்தது. பின்னாலிருந்து மத்தியூ வான் டெர் பூல், ஒரு குழுவையே தன் முதுகில் சுமந்துகொண்டு வந்து, கடைசிக் கிலோமீட்டரில் இருவரையும் பிடித்து, அவரே ஸ்ப்ரிண்டையும் ஜெயித்துவிட்டார். கோட்டைத் தாண்டியதும் நம்பமுடியாமல் தரையில் விழுந்து கிடந்தார். ஃபுக்ல்சாங் மூன்றாவது, அலாஃபிலிப் நான்காவது.

ரசிகர்கள் இருவரையும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எனக்கு ஃபுக்ல்சாங் மேல் அவ்வளவு கோபமில்லை. இழுத்திருந்தால் பெரும்பாலும் இரண்டாமிடம் நிச்சயம், முதலிடம் கிடைக்காது. அலாஃபிலிப்பைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. ஜெயிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தவர் அவர். பிடிபட்டால் அதிக நட்டமும் அவருக்கே.

சுருக்கமாக: பிரேக்அவே ஜெயிப்பது பெரும்பாலும் முன்னால் போகிறவர்களின் பலத்தால் மட்டும் இல்லை, பின்னால் இருப்பவர்களின் தயக்கத்தாலும்தான். முன்னால் இருப்பவர்களுக்குள் அதே தயக்கம் நுழைந்தால் ஆட்டம் தலைகீழ்.

கடைசி 200 மீட்டர்

சரி, பிடிபடாமல் கடைசிவரை வந்துவிட்டார்கள். இப்போது கூட்டணி முடிந்தது. ஸ்ப்ரிண்டிலும் காற்று விடுவதில்லை. முன்னால் இருப்பவர் பாய்ச்சலைத் தொடங்கினால், பின்னால் இருப்பவர் மறைவில் வேகமெடுத்துக் கடைசி நொடியில் வெளியே வந்து தாண்டிவிடலாம். அதனால் யாரும் முன்னால் இருக்க விரும்புவதில்லை. 250 கிலோமீட்டர் பறந்து வந்தவர்கள் கடைசிக் கிலோமீட்டரில் மாட்டுவண்டி வேகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போவதைப் பார்த்து, முதல்முறை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

பெல்ஜியத்தின் 2022 ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் வான் டெர் பூலும் டடேய் போகாச்சரும் அப்படித்தான் நகர்ந்தார்கள். முன்னால் வான் டெர் பூல், பின்னால் போகாச்சர். அந்த மந்தத்தில் பின்னாலிருந்து டிலன் வான் பார்லேயும் வாலென்டின் மடுவாவும் முழுவேகத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். வான் டெர் பூல் உடனே பாய்ந்தார், ஜெயித்தார். போகாச்சர் மற்றவர்களுக்கு நடுவே வழியடைபட்டு நான்காவது. ஆம்ஸ்டெலில் கெடுத்த அதே மந்தம் இங்கே ஒருவருக்குக் கைகொடுத்தது. வேகத்தைக் குறைப்பது எப்போதும் முட்டாள்தனம் என்று அடித்துச் சொல்ல முடியாது. யார் குறைக்கிறார், குறைத்தால் அவருக்கு என்ன போகும் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்ப்ரிண்ட் வீரர் என்ற பட்டம் புத்தம்புதுக் காலுக்குக் கொடுத்தது. ஆறு மணி நேரம் கருங்கல்லில் குலுங்கிய பிறகு அந்தப் பட்டத்துக்கு மதிப்புக் குறைவு. 2016 பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஐந்து பேர் ஒன்றாக முடிவு மைதானத்துக்குள் நுழைந்தார்கள். போனன் அங்கேயும் இருந்தார், ஸ்டானர்டும் இருந்தார். போனனுக்கு அந்தப் பந்தயத்தில் அது ஐந்தாவது வெற்றியாக, புதிய சாதனையாக இருந்திருக்கும். ஜெயித்தது மாத்யூ ஹேமன் என்ற 37 வயது ஆஸ்திரேலியர். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்காக இழுத்தவர், அதே பருவத்தில் கை எலும்பு முறிந்து தேறி வந்தவர், அன்று காலையிலேயே பிரேக்அவேயில் போனவர். பெரிய தலைகள் அவரைப் பிடித்தபோது, கழன்றுவிடாமல் அவர்களோடு ஒட்டிக்கொண்டார். போனன் இரண்டாவது, ஸ்டானர்ட் மூன்றாவது.

மறுபடியும் 2015

இப்போது அந்த நான்கு பேரிடம் திரும்பிப் போகலாம். மூன்று பேர் இருக்கும் அணி என்ன செய்ய வேண்டும் என்பதில் புத்தக விடை ஒன்று உண்டு: மாற்றி மாற்றிப் பாய வேண்டும். ஒருவர் பாய்வார். தனி ஆள் அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். மற்ற இரண்டு பேர் தனி ஆளின் பின்னால் ஓசியில் வருவார்கள். பிடித்த நொடியில் அடுத்தவர் பாய்வார். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் எந்த மலைவிழுங்கியும் களைத்துவிடுவான்.

குவிக்ஸ்டெப் இதைச் செய்யவே இல்லை என்பது தவறு. செய்தார்கள். கடைசி 5 கிலோமீட்டர் அளவில் போனன் பாய்ந்தார். ஸ்டானர்ட் மெதுவாக, பதறாமல் இடைவெளியை மூடினார். அடுத்து டெர்ப்ஸ்ட்ரா பாய்ந்தார். அதையும் மூடினார். மூடியதோடு நிற்காமல் ஸ்டானர்டே எதிர்ப்பாய்ச்சல் போட்டார். டெர்ப்ஸ்ட்ரா மட்டும் அவரோடு தொற்றிக்கொண்டார்; போனன் கழன்றுவிட்டார். கடைசியில் இருவர் மட்டும். ஸ்ப்ரிண்டில் ஸ்டானர்ட் முதல், டெர்ப்ஸ்ட்ரா இரண்டாவது. போனன் மூன்றாவதாக வந்தார், வாண்டன்பெர்க் நான்காவது.

திட்டம் சரி, ஆனால் நேரம் தவறு என்று நினைக்கிறேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல் மூன்று பேரும் பின்னால் வருபவர்களுக்குப் பயந்து இழுத்துக்கொண்டே வந்தார்கள். மாற்றி மாற்றிப் பாயும் நேரம் வந்தபோது வாண்டன்பெர்க்கின் கால் காலி. ஆக மூன்றுக்கு ஒன்று என்பது ஏட்டில்தான். சாலையில் அது ஏற்கெனவே இரண்டுக்கு ஒன்று. அந்த இரண்டு பேரும் களைத்தவர்கள், எதிரில் இருப்பவர் சேமித்தவர். அப்புறம், முதலில் பாய்ந்தது போனன். ஸ்ப்ரிண்டுக்கு என்று வைத்திருக்கவேண்டிய ஆளையே முதல் செலவாகப் போட்டுவிட்டார்கள். டெர்ப்ஸ்ட்ரா முதலில் பாய்ந்திருந்தால், போனன் ஸ்டானர்டின் பின்சக்கரத்தில் ஓசியில் வந்திருப்பார்.

அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. முன்கூட்டியே பாய ஆரம்பித்திருந்தால் நால்வரின் ஒழுங்கு குலைந்து, வான் அவர்மாட்டும் வான்மார்க்கேயும் வந்து சேர்ந்திருக்கலாம். அப்படி வந்து சேர்ந்திருந்தால், மூன்று பேர் இருந்தும் ஏன் பொறுமையாக இழுத்து வரவில்லை என்று இதே ரசிகர்கள் கேட்டிருப்பார்கள். ஸ்டானர்டைப் பற்றி யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.